உடன்பிறந்தார் வரலாறு எழுதிய பெருமாட்டி குல்பதன் பேகம்

அரசர்களின் வரலாற்றை எழுதியோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்வரசர்களின் அவையில் அமர்ந்து அவர்கள் அளித்த ஊதியத்தில் வாழ்ந்தவர்கள். ஆதலின் புகழ்ந்து எழுதினர். வேறு சிலர் பகையரசர் நாட்டில் வாழ்ந்தவர்கள். ஆதலின் இகழ்ந்து எழுதினர். ஓர் அரசருக்கு மகளாகவும், மற்றோர் அரசருக்குத் தங்கையாகவும், மூன்றாம் அரசருக்கு அத்தையாகவும் வாழ்ந்த பெண்மணி ஒருவர் அம்மூவரின் குடும்பத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அவ்வரலாறு எவ்வாறு அமையும்? முகலாயப் பேரரசை நிறுவிய பாபரின் மகளார் குல்பதன் பேகம் அவர்களின் வாழ்வும் நூலும் இவ்வினாவிற்கு விடையாக நிற்கின்றன.

வாழ்க்கை வரலாற்றினுள் புகுமுன் சொந்தச் செய்தி ஒன்றைக் கூற வாசகர்கள் இசைவு தரவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குடும்பத்துத் திருமண மலர் ஒன்றிற்குக் குடும்ப வரலாறு எழுதித் தருமாறு இக்கட்டுரையாளன் பணிக்கப்பட்டான். முன்னோரின் வணிகம், கொடை, மார்க்கப் பணி ஆகிய யாவற்றையும் குறைவின்றி எழுதினான். ஒரு வீட்டுச் சுவர் காரணமாக வாப்பாவும் பெரியவாப்பாவும் பல்லாண்டு பேசாதிருந்த செய்தியை மட்டும் எழுதவில்லை. மலரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட மாமி அவர்கள், வாப்பாவின் உடன்பிறந்தார், அந்த ஆண்டுகள் முழுவதும் தாம் சோற்றுச் சட்டியோடு இரு வீட்டு வாசலுக்கும் நடந்தது எங்கே போயிற்று என்று கேட்டார்கள். அண்ணன் தம்பியர் பிணக்கை மறைத்தபோது, அப்பிணக்கின் நடுவே நின்ற உடன்பிறந்தாளின் வாழ்வும் சேர்ந்தே மறைந்து போயிற்று. குல்பதன் பேகத்தின் நூலைப் பயிலும்போதெல்லாம் அந்த மாமியின் நினைவு வருகின்றது. நிற்க.

குல்பதன் பேகம் ஏறத்தாழ 1523 ஆம் ஆண்டில் காபூலில் பிறந்தார். ரோஜா மலர் போன்ற மேனியள் என்பது பெயரின் பொருள். ஈன்ற தாயார் தில்தார் பேகம். ஹிந்தால் மிர்சா இவருடன் ஒரே வயிற்றில் பிறந்த தமையன். பாபரின் மூத்த மைந்தர் ஹுமாயூனின் தாயார் மாஹம் பேகம். காம்ரான், அஸ்கரி ஆகிய இருவரும் மற்றொரு மனைவியாகிய குல்ருக் பேகத்தின் மைந்தர்கள். இவ்வுறவு முறையை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் நேர்ந்தவை யாவும் இதனின்றும் கிளைத்தவையே.

மாஹம் பேகத்திற்குப் பிறந்த குழந்தைகளுள் ஹுமாயூன் நீங்கலாக ஏனையோர் நிலைக்கவில்லை. ஆகவே அவர் முன்னர் ஹிந்தாலையும், பின்னர் இரண்டு வயதுக் குல்பதனையும் தில்தாரிடமிருந்து எடுத்து வளர்த்தார். ஈன்ற தாய் அதே அரண்மனையில் இருக்க, வேறொரு தாயின் மடியில் வளர்ந்த குழந்தை இது. இரு தாயரையும் பற்றிப் பின்னாளில் எழுதியபோது எவரையும் தாழ்த்தாமல் அவர் எழுதிய பாங்கு போற்றத்தக்கது.

1525 இல் பாபர் இந்தியாவை நோக்கிப் படையுடன் புறப்பட்டபோது குல்பதன் நடை பழகிய குழந்தை. பானிப்பட்டுப் போர் 1526 இல் நடந்தது. 1529 இல் மாஹம் பேகம் காபூலினின்றும் ஆக்ராவிற்கு வந்தபோது, குல்பதனும் உடன் வந்தார். பேரரசர் குதிரை வரும்வரை காத்திராமல் மனைவியை எதிர்கொள்ள நடந்தே சென்றார் என்றும், மறுநாள் தாம் தந்தையின் காலடியில் விழுந்தபோது அவர் தம்மை வாரியெடுத்து அணைத்துக் கொண்டார் என்றும் அறுபது ஆண்டு நெருங்கும் வேளையிலும் மறவாது எழுதியுள்ளார். தந்தையுடன் அவர் வாழ்ந்தது ஓராண்டும் சில திங்களுமே.

1530 ஆம் ஆண்டில் ஹுமாயூன் கடும் நோயுற்றார். மகனின் படுக்கையைச் சுற்றி வந்து, அவன் உயிருக்கு ஈடாகத் தம் உயிரை ஏற்குமாறு பாபர் இறைவனிடம் இறைஞ்சிய நிகழ்ச்சி பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அதனை வீட்டினுள் இருந்து கண்டோரின் வாய்மொழியாக நமக்குத் தந்தவர்களுள் குல்பதன் தலையாயவர். பாபர் 1530 டிசம்பர் 26 அன்று மறைந்தார். மறையுமுன் தம் உடன்பிறந்தாரையும் சுற்றத்தாரையும் ஹுமாயூனின் பொறுப்பில் ஒப்படைத்தார். குல்பதனுக்கு அப்போது எட்டு வயது கூட நிறைந்திருக்குமோ என்பது ஐயம்.

பாபர் தாமே பெரும் எழுத்தாளர் என்பதை இங்குக் குறிப்பிடாது செல்லவியலாது. துருக்கி மொழியில் தம் வாழ்வை எழுதிய அவர், தம் தந்தை உமர் ஷேக் மிர்சா குட்டையான பருத்த உடலினர் என்பதையும், 1494 இல் புறாக்கூண்டுக் கட்டடம் பள்ளத்தில் சரிந்தபோது அதனொடு வீழ்ந்து இறந்தார் என்பதையும், தம்முடைய குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் எழுதியவர். மெய் எழுதும் மரபு குல்பதனுக்குக் குடிவழிச் சொத்தாகவே வந்தது. ஆயினும் ஓரிடத்தில் மகள் தந்தையை விஞ்சுகிறார்.

1501 இல் சமர்க்கந்து நகரை ஷைபானி கான் முற்றுகையிட்டான். பாபர் நகரைக் கைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வேளையில் அவர்தம் தமக்கை கான்சாதா பேகம் பகைவன் கையில் அகப்பட்டார் என்று மட்டும் பாபர் தம் நூலில் எழுதிச் செல்கிறார். பேரரசருக்கு அதற்குமேல் எழுத மனம் வரவில்லை போலும். குல்பதனோ, கான்சாதாவைத் தனக்கு மணம் செய்து தந்தால் சமாதானம் உண்டென ஷைபானி சொல்லியனுப்பினான் என்றும், வேறு வழியின்றிப் பேகம் அவனுக்கு அளிக்கப்பட்டார் என்றும், அதன் பின்னரே பாபர் இருநூறு பேருடன் கால்நடையாக வெளியேறினார் என்றும் எழுதுகிறார். தமக்கை தாமே அகப்படவில்லை. தம்பியின் உயிருக்கு விலையாகத் தரப்பட்டார். கான்சாதா பேகம் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே தம்பியிடம் மீண்டார். குல்பதன் வளர்ந்த அரண்மனையில் எல்லாராலும் மிக மதிக்கப்பட்ட மூதாட்டியாக விளங்கியவர் அவரே. அந்த மதிப்பிற்குப் பின்னே இருந்த ஈகத்தை உலகம் அறியவேண்டுமென மருமகள் எண்ணினார் என்று கொள்வதில் தவறில்லை.

ஹுமாயூனின் ஆட்சித் தொடக்கத்தில் அரண்மனை மகளிரின் நாட்கள் விருந்தும் விழாவுமாகக் கழிந்தன. அக்காலச் செய்தி ஒன்று நகைப்பிற்குரியது. ஹுமாயூனுக்கு ஆண் மகவு வேண்டுமென மாஹம் பேகம் பெரிதும் ஏங்கினார். ஹுமாயூனின் மனைவியர் இருவர் கருவுற்றதாகச் செய்தி வந்தது. ஒருவராகிய பேகா பேகம் அகீகா என்னும் பெண் மகவை ஈன்றார். மேவாஜான் என்னும் மற்றவர் பத்துத் திங்கள் கடந்தது, பதினோரு திங்கள் கடந்தது, இன்னும் பொறுங்கள் என்றே கூறி வந்தார்; தம் குடும்பத்தில் பன்னிரண்டு திங்களில் பிறந்த குழந்தையும் உண்டென்றார். வேண்டியவற்றை ஆயத்தம் செய்தபின்னரே அது வெறும் பொய்யென விளங்கிற்று. அரசவை வரலாற்றாசிரியர் எவரும் இதனை எழுதமாட்டார். தம்மை வளர்த்த தாயின் ஏமாற்றத்தை அன்போடும் சிறு நகையோடும் எழுத ஒரு மகளாலேயே முடியும்.

பேகா பேகத்தின் செய்தி இத்துணை இலேசானதன்று. கணவர் தம்மிடம் வருவதேயில்லை என்று அப்பெருமாட்டி ஹுமாயூனிடம் பிறர் முன்னிலையில் முறையிட்டார். ஹுமாயூன் அப்போது வாளாவிருந்தார். பின்னர் மகளிர் அனைவரையும் அழைத்து, தாம் அபின் உண்ணும் பழக்கமுடையவர் எனவும், வரக் காலம் தாழ்ந்தால் சினம் கொள்ளலாகாது எனவும் கூறி, இதற்கு இசைவதாக எழுத்தில் தருமாறு கேட்டார். பேகா பேகம் உடனே பணியவில்லை. குற்றத்தினும் குற்றத்திற்குச் சொல்லும் காரணம் கொடிது என்னும் பொருள்பட வாதிட்டபின்னரே எழுதிக் கொடுத்தார். தமையனின் அபின் பழக்கத்தையும் அண்ணியின் மனக்குறையையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்துக் காட்டும் குல்பதன், தீர்ப்பு எதுவும் கூறவில்லை. இன்று டில்லியில் ஹுமாயூனின் கல்லறையைக் காண்போர், அதனை எழுப்பியவர் எனப் போற்றப்படுபவர் இப்பேகா பேகமே என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நன்னாட்கள் நெடிது நீடிக்கவில்லை. கங்கைக் கரையிலுள்ள சௌசாவில் 1539 இல் ஷேர் கானிடம் ஹுமாயூன் தோற்றார். அரண்மனை மகளிர் பலர் அப்போரில் காணாமற் போயினர். எட்டு வயதுச் சிறுமி அகீகாவும் மீளவில்லை. குழந்தையை ஏன் அழைத்துச் சென்றேன் என்று ஹுமாயூன் உள்ளம் வெந்து புலம்பியதைக் குல்பதன் பதிந்துள்ளார். அத்தோல்வியினின்றும் தப்பி வந்த நாளில் ஹுமாயூன் தம் தங்கையை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. படையெடுப்பிற்குப் புறப்பட்டபோது கன்னிப்பெண்கள் அணியும் குல்லாயுடன் கண்ட சிறுமி, இப்போது மணமான மகளிர் அணியும் தலைத்துணியுடன் நின்றதே காரணம். கிஸ்ர் குவாஜா கான் என்பவருடன் நிகழ்ந்த தம் திருமணத்தைப் பற்றிக் குல்பதன் தம் நூலில் தனியே விரித்துரைக்கவில்லை. இத்தலைத்துணியே நமக்குச் சான்று. பிறர் வாழ்வை விரித்தவர் தம் வாழ்வைச் சுருக்கிக் கொண்டார். இது குறையா நிறையா என்பதில் இக்கட்டுரையாளனுக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

இதற்கிடையில் ஹிந்தால் ஆக்ராவில் தம் பெயரால் குத்பா ஓதச் செய்து தமையனுக்கு மாறாக எழுந்தார். ஹுமாயூன் பெரிதும் மதித்த ஷேக் பஹ்லூல் என்னும் பெரியாரையும் கொல்வித்தார். இங்கே குல்பதனின் எழுதுகோல் சற்றுச் சாய்கிறது. ஷேக் அவர்கள் ஷேர் கானுக்குப் போர்க்கருவிகள் அனுப்ப மறைத்து வைத்திருந்தார் என்று காரணம் கூறித் தம் உடன்பிறப்பின் பழியைக் குறைக்க முற்படுகிறார். ஒரு வயிற்றுப் பிறந்த அன்பு நடுவுநிலையை இடறச் செய்தது என்றே சொல்லவேண்டும். ஆயினும் கொலை நிகழ்ந்ததை அவர் மறைக்கவில்லை; காரணம் சேர்த்தார், அவ்வளவே.

1540 இல் கன்னோசிக்கருகே மீண்டும் தோல்வி. அரச குடும்பம் லாகூரை நோக்கி ஓடியது. தோல்விக்கு முன்னரே காம்ரான் ஆக்ராவை விட்டு நீங்க விரும்பி, நோயுற்றிருக்கும் தமக்குத் துணையாகக் குல்பதனும் வரவேண்டுமெனப் பிடிவாதம் செய்தார். ஹுமாயூன் இசைந்தார். குல்பதனுக்கோ ஈன்ற தாயையும் உடன்வளர்ந்தாரையும் பிரியச் சிறிதும் விருப்பமில்லை. தம்மைக் காம்ரானிடம் கொடுத்துவிடுவீர்கள் என எதிர்பார்க்கவில்லை என்று பேரரசருக்கு முறையீடு எழுதினார். பேரரசர் ஆறுதல் கூறி மறுமொழி விடுத்தார். பதினேழு வயதுப் பெண் பேரரசர் மீது குறை கூறி எழுதிய அக்கடிதச் செய்தியை, அப்பேரரசரின் மகன் படிக்கவிருக்கும் நூலிலேயே அவர் மறவாமல் சேர்த்தது நோக்கத்தக்கது.

ஹுமாயூன் சிந்து நாட்டில் அலைந்த காலத்தில், 1541 இல், ஹிந்தாலின் பாசறையில் தில்தார் பேகத்தைக் காணச் சென்றார். அங்கே ஹமீதா பானு என்னும் இளம்பெண்ணைக் கண்டு மணக்க விரும்பினார். ஹிந்தால் வெகுண்டார், அப்பெண்ணைத் தம் உடன்பிறந்தாள் போல் எண்ணியிருந்ததாகக் கூறினார். ஹமீதாவும் உடன்படவில்லை. பேரரசர் அழைத்தும் வர மறுத்தார். நாற்பது நாட்கள் பேச்சு நடந்தது. பேரரசரை விடச் சிறந்த கணவர் யார் கிடைப்பார் எனத் தில்தார் அறிவுறுத்த, தம் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளவரையே தாம் மணக்க விரும்புவதாக ஹமீதா விடையிறுத்தார். இறுதியில் இசைந்தார். திருமணம் நடந்தது. நாடிழந்து, உணவும் நீரும் அரிதான பாலைவழியில் கணவருடன் நடந்து, 1542 அக்டோபர் 15 அன்று அமர்கோட்டையில் அவர் ஈன்ற மகவே அக்பர்.

இந்நிகழ்ச்சியைக் குல்பதன் எழுதியபோது ஹமீதா பானு உயிரோடு இருந்தார் என்பதை வாசகர்கள் கருதவேண்டும். பேரரசின் தாய் அவர். எழுதச் சொன்னவரோ அவருடைய மகன். என் தாய் என் தந்தையை மணக்க நாற்பது நாள் மறுத்தார் என்ற செய்தியை மகன் படிக்கும் நூலில் எழுத எத்துணைத் துணிவு வேண்டும்! ஹமீதாவிடம் கேட்டறியாமல் இத்தனை நுணுக்கங்களைக் குல்பதன் எழுதியிருக்க இயலாது. ஆகவே இத்துணிவில் பாதி ஹமீதாவுக்கும் உரியது. முதுமையில் இரு பெண்கள் அமர்ந்து, இளமையில் நடந்ததை நடந்தவாறே சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கின்றனர். அபுல் பஸலின் பெருநூலில் இத்திருமணம் வானோர் வாழ்த்தும் மங்கல நிகழ்ச்சியாகவே நிற்கின்றது. அதில் மணமகளின் மறுப்பிற்கு இடமில்லை.

1543 இல் அஸ்கரி படையுடன் வருவதறிந்து ஹுமாயூனும் ஹமீதாவும் பாரசீகம் நோக்கித் தப்பியோடினர். குழந்தை அக்பர் பாசறையில் விடப்பட்டார். அஸ்கரி குழந்தையைக் கந்தகாருக்குக் கொண்டு சென்று தம் மனைவி சுல்தானம் பேகத்திடம் ஒப்படைத்தார். அப்பெருமாட்டி அக்குழந்தையை அன்போடு பேணினார் என்று குல்பதன் எழுதுகிறார். அஸ்கரி செய்தது தமையனுக்கு இரண்டகம். அஸ்கரியின் மனைவி செய்தது தாய்மை. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதினார்; ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் குல்பதன் காபூலில் காம்ரானின் ஆட்சிக்குள் வாழ்ந்தார். தம் பெயரால் குத்பா ஓதப்படவேண்டுமெனக் காம்ரான் விரும்பியபோது தில்தார் பேகத்திடம் கேட்டார். தில்தார், குடும்பத்தின் மூத்தவராகிய கான்சாதா பேகத்தைக் கேட்குமாறு கூறினார். பாபர் வகுத்தவாறு ஹுமாயூன் பெயரே ஓதப்படவேண்டும் என்றார் கான்சாதா. பிணங்கிய தம்பி மக்களிடையே தூதாகப் பன்முறை நடந்த அம்மூதாட்டி, 1545 இல் அத்தகைய பயணம் ஒன்றின்போதே வழியில் மறைந்தார். ஒரு தலைமுறைக்கு முன் சமர்க்கந்தில் குடும்பத்திற்காகத் தம்மைத் தந்தவர், இறுதியையும் அக்குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்கும் வழியிலேயே கண்டார்.

பாரசீகப் படைத்துணையுடன் மீண்ட ஹுமாயூன் 1545 இல் கந்தகாரையும் காபூலையும் கைப்பற்றினார். ஐந்தாண்டுப் பிரிவிற்குப் பின் தமையனைக் கண்ட மகிழ்ச்சியைக் குல்பதன் உள்ளம் நெகிழ எழுதியுள்ளார். ஆயினும் ஹுமாயூன் நகரை நீங்கியிருந்த வேளை பார்த்துக் காம்ரான் காபூலை மீண்டும் கைக்கொண்டார். அப்போது குல்பதனை அழைத்து, கணவர் கிஸ்ர் குவாஜா கான் தம் பக்கம் வந்து சேருமாறு கடிதம் எழுதச் சொன்னார். வாள் ஏந்தியவர் வேண்டுகோள் அது. குல்பதன் மறுத்துக் கூறிய விடை நுட்பமானது. தாம் கணவருக்குக் கடிதம் எழுதியதேயில்லை என்றும், ஆகவே தம் கையெழுத்தை அவர் அறியார் என்றும் கூறித் தப்பினார். கணவருக்கோ, பேரரசரை விட்டுப் பிரியும் எண்ணம் ஒருபோதும் வரலாகாது என முன்னரே பலகால் எச்சரித்திருந்தார். கணவரின் உடன்பிறந்தார் காம்ரானுடன் சேர்ந்திருந்த நிலையில் இவ்வுறுதி எளிதன்று. எழுதத் தெரியாதவர் போல் நடித்த அக்கையே பின்னாளில் அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதிற்று.

1551 நவம்பர் 20 அன்று இரவு காம்ரானின் ஆப்கானியப் படையினர் ஹுமாயூனின் பாசறை மீது பாய்ந்தனர். ஹிந்தால் அவ்விரவுப் போரில் கொல்லப்பட்டார். போருடை எடுத்து வரச் சொன்னபோது யாரோ தும்மியதால் பணியாள் சற்றுத் தயங்கினான் என்னும் சிறு செய்தியைக் கூடக் குல்பதன் விட்டுவிடவில்லை. இறந்தோரைப் பற்றி வீடுகளில் பேசும்போது இத்தகைய சிறு செய்திகளே முதலில் வரும். அந்தத் தும்மல் இல்லாவிடின் ஒருகால் பிழைத்திருப்பார் என்ற ஏக்கம் அதனுள் அடங்கியிருக்கும். அவ்விடத்தில் குல்பதனின் அமைதி கலைகிறது. அந்த வாள் தம் நெஞ்சிலோ, தம் மகன் சஆதத்யார் மீதோ, கணவர் மீதோ பாய்ந்திருக்கலாகாதா என்று கதறுகிறார். கணவனையும் மகனையும் உடன்பிறந்தானுக்கு ஈடாக வைத்த அச்சொற்களைப் பின்னாளில் ஆற அமர்ந்து எழுதியபோதும் அவர் மாற்றவில்லை. மனைவியும் தாயும் எழுதத் தகாத சொல் என்று நம் முதியோர் சிலர் கருதக்கூடும். அத்துயர் அவ்வாறே இருந்தது, அவ்வாறே எழுதினார். ஹிந்தாலின் உடல் பின்னர்க் காபூலில் தந்தையின் காலடியில் அடக்கப்பெற்றது.

1553 இல் காம்ரான் பிடிபட்டு ஹுமாயூனிடம் ஒப்படைக்கப்பட்டார். இனி இரக்கம் கூடாது, அரசாட்சியும் உடன்பிறப்பும் ஒருங்கே நில்லா எனப் படைத்தலைவர் யாவரும் ஒருமுகமாக வற்புறுத்தினர். தந்தை இறுதியில் ஒப்படைத்துச் சென்ற தம்பி. ஹுமாயூனின் அறிவு இசைந்தும் உள்ளம் இசையவில்லை. முடிவில் காம்ரானின் இரு கண்களும் குருடாக்கப்பட்டன. அஸ்கரி முன்னரே மக்காவிற்கு அனுப்பப்பெற்றுப் பயணத்திலேயே பின்னர் இறந்தார். காம்ரானும் மக்கா சென்று 1557 இல் அங்கே மறைந்தார். ஹுமாயூன் 1556 தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார். பாபரின் நான்கு மைந்தருள் ஒருவரும் எஞ்சவில்லை. எஞ்சியவர் தங்கை.

குல்பதன் 1557 இல் மற்ற மகளிருடன் இந்தியா வந்து, அக்பரின் அரண்மனையில் பெருமதிப்புடன் வாழ்ந்தார். 1575 இல் ஃபத்தேபூர் சிக்ரியினின்றும் புனித ஹஜ் பயணம் மேற்கொண்டார். போர்ச்சுக்கீசியரின் கடல் அனுமதிச் சீட்டுக் கிடைக்கத் தாமதமாகி, 1576 இல்தான் சூரத்துத் துறைமுகத்தினின்றும் கப்பலேற முடிந்தது. அரபு நாட்டில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தங்கி நான்கு முறை ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார். திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் உடைந்து, அங்கே நெடுங்காலம் தங்க நேர்ந்து, 1582 இல் சிக்ரி திரும்பினார்.

இப்பயணத்தில் அவருடன் சென்றோர் யாவர் என்பதில்தான் நம் பொருளின் உயிர்நிலை உள்ளது. அஸ்கரியின் கைம்பெண் சுல்தானம் பேகம் சென்றார். காம்ரானின் மகளிர் ஹாஜி பேகமும் குல்இசார் பேகமும் சென்றனர். குருடாக்கப்பட்டவரின் மகளிர் அவர்கள். ஹிந்தாலின் உயிரைப் பறித்த படையை ஏவியவரின் மகளிரும் அவர்களே. குல்பதனோ ஹிந்தாலின் தங்கை; காம்ரானுக்கும் தங்கை. ஆறேழு ஆண்டுகள் ஒரே கப்பலிலும் ஒரே கூடாரத்திலும் ஒன்றாய்த் தொழுது ஒன்றாய் உண்டவர்களிடையே பழைய பகையைப் பற்றி என்ன பேச்சு நடந்திருக்கும் என எண்ணிப் பார்க்கத்தான் முடியும்.

ஏறத்தாழ 1587 இல் அக்பர் தம் ஆட்சி வரலாற்றிற்காகப் பழையவற்றை அறிந்தோர் தத்தம் நினைவுகளை எழுதித் தருமாறு ஆணையிட்டார். ஹுமாயூனுக்கு நீர்க்கலம் ஏந்திய ஜவ்ஹர், படைவீரர் பாயசீத் ஆகியோருடன் அத்தை குல்பதனுக்கும் அவ்வாணை சென்றது. அறுபதைக் கடந்த அம்மூதாட்டி, தந்தை மறைந்தபோது தாம் சிறுமியாதலின் நினைவில் உள்ளது குறைவே என்றும், எனினும் கேட்டதையும் கண்டதையும் எழுதுவதாகவும் முன்னுரைத்து, எளிய பாரசீகத்தில் இடையிடையே வீட்டு வழக்காகிய துருக்கிச் சொற்கள் கலந்து எழுதினார். தந்தையைப் பிர்தௌஸ் மகானி என்றும், ஹுமாயூனை ஜன்னத் ஆஷியானி என்றும் சுவனத்தில் உறைவோராகக் குறிப்பிட்டுக் கொண்டே, அவர்கள் மண்ணில் நடந்த வழியை எழுதினார். அதற்கு அரசவை நடையின் அணிகள் அவருக்குத் தேவைப்படவில்லை.

காம்ரானின் கொடுமைகளை அவர் மழுப்பவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. உடன் ஹஜ் செய்த அப்பெண்களின் மனம் நோகுமென எண்ணி விட்டுவிடவில்லை. அதே வேளையில் காம்ரானை முற்றிலும் அரக்கனாக்கவும் இல்லை. நோயுற்றபோது தங்கையைத் துணைக்கு வேண்டி அழைத்த தமையனும், கடிதம் எழுதென்று மிரட்டிய பகைவனும், கண்ணிழந்த கைதியும் ஒருவரே என்பது அந்நூலைப் படிப்போர்க்கு விளங்கும். வரலாற்று நூல்களில் காம்ரான் ஒரு பெயர். குல்பதனின் நூலில் அவர் ஒரு வீட்டின் பிள்ளை.

1603 பிப்ரவரி 7 அன்று ஆக்ராவில், எண்பதாம் வயதில், காய்ச்சலுற்றுச் சில நாட்களில் குல்பதன் பேகம் இறையடி சேர்ந்தார். ஹமீதா பானு அருகிலேயே இருந்தார். கண் மூடிக் கிடந்தவரை முதலில் முறைப்பெயரிட்டு அழைத்தும் விடை வராமையால், இளமைக்கால வழக்கப்படி வெறும் பெயரைச் சொல்லி அழைத்தார். அப்போது கண் திறந்து அவருக்கு நல்வாழ்வு வேண்டிக் கண் மூடினார். பேரரசர் அக்பர் அத்தையின் சந்தூக்கைத் தாமே தோளில் ஏந்திச் சிறிது தொலைவு நடந்தார். மறு ஆண்டு ஹமீதா பானுவும் மறைந்தார்.

அவர் எழுதிய நூல் நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. கர்னல் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர் இந்தியாவில் திரட்டிய சுவடிகளுள் ஒன்றாக 1868 இல் லண்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. அனெட் பெவரிட்ஜ் அம்மையார் அதனைப் பயின்று 1902 இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். உலகில் அறியப்பட்ட பிரதி அது ஒன்றே. அதன் இறுதி ஏடுகள் கிடைக்கவில்லை. ரோதாஸ் அருகே காம்ரானின் கண்கள் குருடாக்கப்பட்டதை எழுதி, அதன் பின்னர்ப் பேரரசர் என்று அடுத்த வாக்கியம் தொடங்குகிறது. அந்த வாக்கியம் முடிவதற்குள் ஏடு அறுந்து நிற்கின்றது.